லூவர் பேனல்: எந்தச் சரக்கு, எந்தச் சுவருக்கு?

டிவி மாட்டும் சுவர், கட்டிலின் தலைமாடு, சாப்பாட்டு மேசைக்குப் பின்சுவர், அலமாரிக் கதவு என எங்கு திரும்பினாலும் இப்போது நெட்டுவரிகள்தான். கேட்லாகில் லூவர் என்றோ புளூட்டட் என்றோ இருக்கும். விற்பனைக்கு வருவது பெரும்பாலும் நான்கு சரக்கு: சார்கோல் என்ற பெயரில் வரும் பாலிஸ்டைரீன், டபிள்யூபிசி எனும் மரத்தூள் கலந்த பிளாஸ்டிக், ஃபெல்ட் எனும் அழுத்திய நார்த்துணியின் மேல் பட்டைகள் ஒட்டிய பேனல், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் வரி கடைந்தது. நாலடி தள்ளி நின்று பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாதிரித் துண்டைத் திருப்பி, முதுகையும் அறுத்த வாயையும் பார்த்தால்தான் சரக்கு தெரியும். ஒவ்வொன்றையும் எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது, எப்படிப் போட்டால் கெடும் என்பதை இங்கே பார்க்கலாம்.

சார்கோல் பேனல்

அதிகம் விற்பது இதுதான். யோசித்து வாங்க வேண்டியதும் இதுதான். நுரைத்த பாலிஸ்டைரீன் உடல், கறுப்பு நிறம், மேலே மரம் போலவோ கல் போலவோ அச்சிட்ட ஃபாயில். நீளம் 9.5 அடி, தடிமன் 12 மி.மீ., அகலம் 5, 6 அங்குலம் என்பது பரவலாகக் கிடைக்கும் அளவு. எடை கிட்டத்தட்ட இல்லை. நுண்பல் ரம்பத்தால் சிரமமில்லாமல் அறுக்கலாம். தண்ணீர் பட்டால் ஊதாது, கரையான் தின்னாது. வேலை சீக்கிரம் முடியும் என்பதால் ஒப்பந்தக்காரர்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

குறை மூன்று. முதலாவது, மேற்பரப்பின் மென்மை. நாற்காலி முதுகு இடித்தால் வரி நசுங்கும், கீறல் விழுந்தால் உள்ளே இருக்கும் கறுப்பு தெரியும். வெனியரை, அதாவது மெல்லிய மரத்தகட்டைப் போல இழைத்துப் பாலிஷ் போட்டு மீட்க முடியாது, அந்தப் பட்டையையே மாற்ற வேண்டும். இரண்டாவது, பசை. தச்சர் கையில் எப்போதும் இருக்கும் கரைப்பான் கலந்த ரப்பர் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். ஒட்டும்போது சரியாகத்தான் தெரியும், பிறகு பின்பக்கம் அரித்துக் குழிந்து, முகப்பில் அலை அலையாகத் தெரிய ஆரம்பிக்கும். டப்பாவில் ‘பாலிஸ்டைரீனுக்கு ஏற்றது’ என்று எழுதிய பசையை மட்டும் அனுமதியுங்கள். மூன்றாவது, தீ. பாலிஸ்டைரீன் எளிதில் பற்றும், கரும்புகையோடு எரியும், உருகிச் சொட்டும். தீத்தடுப்பு ரசாயனம் சேர்த்த ரகங்கள் உண்டு. சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். ‘தீப்பிடிக்காது சார்’ என்று வாயால் சொல்வது சான்றிதழ் ஆகாது. எந்தச் சான்றிதழ் இருந்தாலும் அடுப்புக்குப் பக்கத்திலும், சாமி விளக்கு எரியும் இடத்திலும், வெளியேறும் நடைவழியிலும் இது வேண்டாம்.

கரி கலந்திருப்பதால் காற்றைச் சுத்தம் செய்யும் என்றும் சொல்லி விற்கிறார்கள். முகப்பை ஃபாயில் மூடியிருக்கிறது, முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிறது. காற்று எங்கிருந்து உள்ளே போகும்?

கை படாத, தலைக்கு மேலே இருக்கும் சிறிய அலங்காரப் பட்டைக்கு இது போதும். முழுச் சுவருக்கு வேண்டாம்.

டபிள்யூபிசி

உட்புறப் பேனல்களில் இந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் பிவிசியோடு மரத்தூளும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்தது. அறுத்த வாயில் தேன்கூடு போல அறைகள் தெரியும். ஒரு பட்டையின் நாக்கு அடுத்த பட்டையின் காடியில் இறங்கும். சார்கோலை விடக் கெட்டி, ஈரத்துக்கு அஞ்சாது. கை கழுவும் இடத்தின் சுவருக்கும், பால்கனிக்குத் திறக்கும் அறைக்கும் இதுதான் சரியான தேர்வு. ஆனால் வாங்குவோர் கவனிக்காத ஒன்று உண்டு. வெப்பத்தில் இது மரத்தை விட அதிகமாக நீளும். 2.9 மீட்டர் பட்டை, 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் 2, 3 மி.மீ. நீளக்கூடும். தரைக்கும் கூரைக்கும் இடையே இறுக்கமாக அடித்துவிட்டால், நீள இடமில்லாமல் நடுவில் வயிறு தள்ளும். மேலே ஒரு 3 மி.மீ., கீழே ஒரு 3 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியை மேலே கார்னிஸ் பட்டையும் கீழே ஸ்கர்ட்டிங் பட்டையும் மறைக்கும்படி திட்டமிட வேண்டும். நேர் வெயில் விழும் ஜன்னல் பக்கச் சுவரில் அடர் நிறத்தைத் தவிர்ப்பது நல்லது. சூடேறும், நீளும், சில ரகங்கள் வெளுக்கவும் செய்யும்.

உள்ளே கூடாக இருப்பதால் ஸ்க்ரூவை நேராக முகப்பில் இறக்கினால் அந்த இடம் அமுங்கிவிடும். கிளிப் வைத்து, காடிக்குள் ஸ்க்ரூ போகும்படி மாட்டுவதே முறை.

ஃபெல்ட் முதுகுப் பட்டை பேனல்

நான்கில் கண்ணுக்கும் காதுக்கும் நல்லது இதுதான். பரவலான அளவு 2400 × 600 மி.மீ., மொத்தத் தடிமன் 21, 22. அடியில் 9 மி.மீ. பாலியெஸ்டர் ஃபெல்ட், அதன் மேல் எம்டிஎஃபில் வெனியர் சுற்றிய 12 மி.மீ. பட்டைகள். பட்டை அகலம் 27, இடைவெளி 13. இரண்டும் சேர்ந்து 40, ஆகவே 600-ல் 15 பட்டை. கடையில் எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் இடைவெளி அகலம், அறையில் அது சற்றே வெறிச்சென்று இருக்கும்.

வெனியரா, மர அச்சுப் போட்ட காகிதமா என்று பார்ப்பதும் எளிது. பக்கத்துப் பட்டைகளில் ஒரே கண், ஒரே ரேகை திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. அச்சு தவறில்லை, வெனியர் விலைக்கு வாங்காமல் இருந்தால் போதும். பட்டையின் பக்கவாட்டையும் பாருங்கள். நல்ல ரகத்தில் வெனியர் மூன்று பக்கமும் சுற்றி வரும். மட்டமான ரகத்தில் முகப்பில் மட்டும் வெனியர், பக்கவாட்டில் கறுப்புப் பெயின்ட். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போது இது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

ஒலி விஷயத்தில் விளம்பரம் பாதி உண்மை. வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் பேச்சு எதிரொலிப்பதை இது நன்றாகக் குறைக்கும். சுவரோடு ஒட்டிப் போட்டால் உயர் ஒலிகளைத்தான் அதிகம் விழுங்கும். பின்னால் ரீப்பர் எனும் மரச்சட்டம் அடித்து 40, 45 மி.மீ. இடம் விட்டு, அதில் ராக்வூல் போன்ற மினரல் வூல் வைத்தால் கனத்த ஒலிகளிலும் பலன் தெரியும். ஆனால் பக்கத்து அறைக்குச் சத்தம் போவதை இது தடுக்காது. ஒலியை விழுங்குவது வேறு, ஒலியை நிறுத்துவது வேறு. நிறுத்துவதற்கு எடை வேண்டும், காற்று புகாத அடைப்பு வேண்டும். அடுத்த வீட்டு டிவி கேட்கிறது என்பதற்காக இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

தூசி சேரும். கறுப்பு ஃபெல்ட்டில் அது சாம்பல் பூத்ததுபோல் தெரியும். ஈரத்துணி வேண்டாம், தூசியைச் சேறாக்கி உள்ளே தள்ளிவிடும். வாக்குவம் கிளீனரில் மென் தூரிகை முனையை மாட்டி மேலிருந்து கீழாக இழுத்தால் போதும். சாம்பல் நிற ஃபெல்ட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஓதம் ஏறும் சுவரில் இது கூடவே கூடாது. ஃபெல்ட் பிளாஸ்டிக் நார்தான், அது மக்காது. ஆனால் பட்டைக்குள் இருக்கும் எம்டிஎஃப் ஊதும். பின்னால் கரையான் பாதை போட்டால் பட்டை உதிரும்வரை யாருக்கும் தெரியாது.

எம்டிஎஃப்

பெயின்ட் அடித்த வரிச்சுவர் வேண்டுமென்றால் இதுதான் வழி. நெருங்கிய வரி, அகன்ற வரி, வளைந்த வரி என்று கேட்டதைக் கடைந்து தருவார்கள். பிரச்சினை கடைந்த பிறகு ஆரம்பிக்கிறது. எம்டிஎஃப் பலகையின் இரு முகங்களும் இறுகியிருக்கும், நடுப்பகுதி அந்த அளவு இறுகியிருக்காது. வரி வெட்டும்போது அந்த நடுப்பகுதி வெளியே வருகிறது. அது பெயின்டைக் குடிக்கும், நார் எழும்பும், காய்ந்ததும் சொரசொரப்பாக நிற்கும். ஒரு கோட் பிரைமர் அடித்து நேராகப் பெயின்டுக்குப் போனால் மேடு பளபளவென்றும் பள்ளம் மங்கியும் இருக்கும். முறை இது: எம்டிஎஃபுக்கான சீலர் ஒரு கோட், காய்ந்ததும் 240 நம்பர் உப்புத்தாள், மறுபடி சீலர், 320 நம்பர், அதன் பிறகு பிரைமர், பெயின்ட். பள்ளத்துக்குள் உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் மேட்டின் விளிம்பு வழுக்கையாகிவிடும். வரியின் வடிவத்துக்கே வெட்டிய மரக்கட்டையிலோ ஸ்பாஞ்சிலோ உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். விலைப்புள்ளியில் சதுர அடி விலை குறைவாக இருந்தால், இந்த வேலைகளில் எதை விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பிவிசி மெம்பிரேன் சுற்றிய எம்டிஎஃப் பெயின்ட் வேலை இல்லாமல் கிடைக்கும். சூட்டில் இழுத்து ஒட்டும் படலம் என்பதால் பள்ளத்தின் மூலைகளில் அது மெலிந்திருக்கும். அடுப்பு, ஓவன் பக்கத்தில் சூடு பட்டுப் பட்டு முதலில் விளிம்பில் பிரியும், பிறகு உரிந்துகொண்டே போகும். சமையலறைக்கு வேண்டாம்.

எந்த எம்டிஎஃப் ஆனாலும், அதன் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் வெளியீட்டு அளவு இ1 தரம் அல்லது அதற்கும் குறைவு என்று பலகையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். படுக்கையறையில் தலைமாட்டுச் சுவர் முழுக்கப் போடும் சரக்குக்கு இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கடைந்த பலகையில் அறுத்த பரப்பு அதிகம், ஆகவே சீலரும் பெயின்டும் பள்ளத்தின் அடிவரை போக வேண்டியதற்கு இது இன்னொரு காரணம்.

மாட்டும் வேலை

நல்ல பேனல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் சுவர். உப்புப் பூத்திருந்தால், பட்டி உதிர்ந்திருந்தால் பேனல் போட்டு மறைப்பது வியாதியை மூடி வைப்பது போலத்தான். புதுப் பூச்சாக இருந்தால், ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

அடுத்தது சுவரின் சமம். 2 மீட்டர் அலுமினிய மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் நேராக ஒட்டக் கூடாது, ரீப்பர் அடிக்க வேண்டும். பேனல் நெடுக்காக நிற்பதால் ரீப்பர் குறுக்காக ஓட வேண்டும், 400 முதல் 600 மி.மீ.க்கு ஒன்று. 12 மி.மீ. பிளைவுட் பட்டை போதும். மேடு பள்ளத்தைப் பின்னால் சிம்மு எனும் மெல்லிய துண்டு வைத்துச் சரிக்கட்டலாம்.

சமமான சுவரிலும் ரீப்பர்தான் என் பரிந்துரை. இந்த வரி மோகம் இப்போது எல்லா அலுவலக வரவேற்பறையிலும், எல்லா சலூனிலும் வந்துவிட்டது. இன்னும் சில ஆண்டுகளில் யாரேனும் இதைக் கழற்றத்தான் போகிறார்கள். பசையால் ஒட்டிய பேனலைப் பிய்த்தால் பட்டியும் பூச்சும் கூடவே வரும், சுவர் வேலை ஆரம்பத்திலிருந்து. ரீப்பரில் ஸ்க்ரூ போட்டு மாட்டியதைக் கழற்றினால் சில துளைகள் மட்டுமே மிஞ்சும். ஃபெல்ட் பேனலில் இது மிகச் சுலபம். பட்டைகளுக்கு இடையே, ஃபெல்ட்டின் மேல் கறுப்பு ஸ்க்ரூ போட்டால் கண்ணுக்கே தெரியாது. ஒட்டியே ஆக வேண்டுமென்றால் ஒன்றை மறக்க வேண்டாம்: பசையின் பிடி, கீழே இருக்கும் பெயின்டின் பிடியைத் தாண்டாது. டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒட்டினால் டிஸ்டெம்பரோடு சேர்ந்து கழன்று வரும்.

பங்கீடு. ஆட்கள் ஒரு மூலையில் ஆரம்பித்து மறுமூலையில் மிஞ்சியதை வெட்டிச் செருகுவார்கள். சுவர் 3100 மி.மீ., பட்டை மூடும் அகலம் 150 என்றால் 20 முழுப் பட்டை போய் 100 மிஞ்சும். ஒரு பக்கம் முழுசு, மறுபக்கம் துண்டு. அதற்குப் பதில் 19 முழுப் பட்டையை நடுவில் வைத்தால் 250 மிஞ்சும், இரு ஓரத்திலும் 125. ஒரு பட்டையில் 25 மி.மீ. வரி ஆறு இருந்தால் 125 என்பது சரியாக ஐந்து வரி, வெட்டு பள்ளத்தில் விழும். மேட்டின் நடுவில் வெட்டு விழுந்தால் எவ்வளவு ஃபில்லர் போட்டாலும் தெரியும். அதே சுவரில் 600 அகல ஃபெல்ட் பேனல் என்றால் ஐந்து பேனல், 100 மிச்சம், அதாவது இரண்டரைப் பட்டை. அரைப் பட்டையோடு மல்லுக்கட்டாமல் இரு பக்கமும் 50 மி.மீ. சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். திட்டமிட்டு விட்டதுபோல் அழகாக இருக்கும். இரு பேனல் சேரும் இடத்திலும் அதே 13 மி.மீ. இடைவெளி வருகிறதா என்று தரையில் அடுக்கிப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

முதல் பட்டைக்குத் தூக்குக்குண்டோ லேசரோ அவசியம், மூலையை நம்பக் கூடாது. பட்டை சாய்ந்தால் சுவர் முழுவதும் சாயும். பட்டை நேராக நின்று மூலை சாய்ந்திருந்தால், அந்த வித்தியாசத்தை ஓரப் பட்டையிலோ ஒரு எல் வடிவ விளிம்பிலோ மறைத்துவிடலாம்.

கூரை 2400-க்கு மேல் இருந்தால் ஃபெல்ட் பேனலில் குறுக்கு இணைப்பு வரும். அது எங்கே வந்தாலும் கண்ணை உறுத்தும். மேலே துண்டு சேர்ப்பதை விட, 2400-ல் நிறுத்தி ஒரு தட்டையான பலகையால் முடித்துவிடுவது நல்லது. கீழே பேனல் தரையைத் தொடவே கூடாது. 75 முதல் 100 மி.மீ. உயர ஸ்கர்ட்டிங் வைத்து அதன் மேல் நிறுத்துங்கள், மாப் போடும் தண்ணீரிலிருந்து தப்பும். ரீப்பர் 12, பேனல் 22, மொத்தம் 34 என்றால் ஸ்கர்ட்டிங்கும் சுவரிலிருந்து 34-க்குக் குறையாமல் முன்னே வர வேண்டும், இல்லையென்றால் பேனலின் அடிவாய் வெளியே துருத்தி நிற்கும்.

சுவிட்சுப் பெட்டியைப் பலர் மறக்கிறார்கள். ரீப்பரும் பேனலும் சேர்ந்து 34 மி.மீ. முன்னே வந்துவிட்டால் பெட்டி உள்ளே புதைந்துவிடும். நீட்டிப்பு வளையம் போட்டு முகப்பு மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மின்கம்பி ஃபெல்ட்டுக்கு நேராகத் திறந்து கிடக்கவே கூடாது. வரியின் மேல் பிளேட்டை வைத்தால் பள்ளமெல்லாம் ஓட்டையாகத் தெரியும், ஆகவே பிளேட்டின் அளவுக்கு ஒரு தட்டைப் பலகையை வரிக்கு நடுவே பதித்து, அதன் மேல் பிளேட் வர வேண்டும். டிவியின் எடை ஒருபோதும் பேனலின் மேல் விழக் கூடாது. டிவி வரும் இடத்தில் ரீப்பர்களுக்கு நடுவே ரீப்பரின் தடிமனுக்கே பிளைவுட் நிரப்பி, பிராக்கெட்டின் ஆங்கர் செங்கல் சுவர்வரை இறங்க வேண்டும்.

விளக்கு. மேலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு இறங்கும் வெளிச்சம்தான் வரிக்கு உயிர். எல்இடி பட்டையைச் சுவரிலிருந்து 50 முதல் 100 மி.மீ. தள்ளி வையுங்கள். 2700 அல்லது 3000 கெல்வின், வண்ணத் துல்லியக் குறியீடு 90-க்கு மேல். வெனியரின் நிறம் இதில்தான் சரியாகத் தெரியும். எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவரை முழு அளவில் ஓட்ட வேண்டாம். மீட்டருக்கு 10 வாட் என 3 மீட்டர் போட்டால் 30 வாட், அதற்கு 40 வாட் டிரைவர். அதைப் பேனலுக்குப் பின்னால் புதைக்கவே கூடாது. பட்டையை விட டிரைவர்தான் முதலில் போகும். இன்னொன்று, இந்த வெளிச்சம் எல்லா இணைப்பையும், எல்லாச் சரிவையும் பெரிதாக்கிக் காட்டும். பேனலை முழுக்கப் பொருத்துவதற்கு முன்பே விளக்கைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அலமாரிக் கதவில்

18 மி.மீ. பலகையின் மேல் 8 மி.மீ. வரி ஒட்டினால் கதவு 26 ஆகிவிடும். சாதாரணக் கப் கீல் அவ்வளவு தடித்த கதவுக்கானதல்ல. திறக்கும்போது கதவின் விளிம்பு பக்கத்துக் கதவில் உரசும். தடித்த கதவுக்கான கீல் என்று தனியாகக் கிடைக்கிறது, அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அல்லது 18 மி.மீ. எம்டிஎஃபிலேயே வரியைக் கடைந்துவிடலாம், தடிமன் கூடாது. முகப்பில் மட்டும் ஏதாவது ஒட்டி முதுகை வெறுமையாக விட்டால் கதவு வளையும், பின்னாலும் லேமினேட் வேண்டும்.

கதவின் அகலம் வரியின் பெருக்கமாக இருக்க வேண்டும். வரி 20 மி.மீ. என்றால் கதவு 440 அல்லது 460, நடுவில் 447 வேண்டாம். டிராயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தால் எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து வரிசையாக அறுத்து, பின்னால் எண் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கைப்பிடியை வரியின் மேல் ஸ்க்ரூ போட்டு வைப்பதை விட, மேல்விளிம்பில் ப்ரொஃபைல் கைப்பிடி வைப்பது சுத்தமாக இருக்கும்.

வரிக் கண்ணாடிக் கதவு வைப்பதானால், டஃபன் செய்வதற்கு, அதாவது சூடேற்றிக் கெட்டியாக்குவதற்கு, முன்பே அளவும் துளையும் முடிந்திருக்க வேண்டும், பிறகு வெட்ட முடியாது. ஒட்டி நிற்கும் பொருள் அதில் தெளிவாகவே தெரியும், தள்ளி இருப்பதுதான் மங்கும். ஆகவே தட்டின் ஓரத்தில் அடுக்கும் சாமான் மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம், தட்டையே 30, 40 மி.மீ. உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சமையலறையில் வழுவழுப்பான பக்கம் வெளியே, வரிப் பக்கம் உள்ளே. எண்ணெய்ப் பிசுக்கை ஒரே துடைப்பில் எடுத்துவிடலாம்.